வலையோடு பறந்த பறவைகள்

ஒரு பையன் அக்காவிடம் கேட்கிறான்: ஒன்று என்றால் என்ன, பல என்றால் என்ன? அக்கா வானத்தைக் காட்டுகிறாள். சூரியன் ஒன்று, சந்திரன் ஒன்று, வெள்ளிகள் பல. பிறகு வண்ணத்துப்பூச்சியும் அணிலும் குருவியும் அவன் கண்ணெதிரே ஒன்றிலிருந்து பலவாகின்றன. குருவிகள் வந்ததும் படம் ஒரு கதைக்குள் இறங்குகிறது. தானியம் கொத்த வந்த பறவைகள் வேடன் விரித்த வலையில் சிக்குகின்றன. எல்லாமாகச் சேர்ந்து ஒரே மூச்சில் சிறகடிக்க, வலையே தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. வேடன் கீழே ஓடுகிறான். பறவைகள் தங்கள் சிநேகிதர்களான எலிகளிடம் போய் இறங்க, எலிகள் வலையைக் கடித்து அறுக்கின்றன. கதை கேட்ட பிள்ளைகள் ஒன்றுகூடி மரத்து மாங்காய்களைப் பறிக்கிறார்கள். கடைசியில் ஒரு பாட்டு. எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும்.

படத்தின் பெயர் 'ஏக் அனேக் ஔர் ஏக்தா'. இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் 1974இல் வெளியிட்டது. சிறந்த கல்விப் படத்துக்கான தேசிய விருதும் அதற்குக் கிடைத்தது. தூரதர்ஷன் ஒன்றே ஒன்றாக இருந்த காலத்தில் வளர்ந்த இந்தியர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், பாதிப்பேர் பாடத் தொடங்கிவிடுவார்கள். நிகழ்ச்சிகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் அதைத் திரும்பத் திரும்பப் போட்டதால் யாருக்கும் அதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

திருகோணமலைப் பிள்ளையான எனக்கு அது யாழ்ப்பாணத்து விடுமுறையோடு சேர்ந்த படம். மாமா வீட்டுக் கூரைக்கு மேலே நீளக் குழாயில் அன்ரனா கட்டியிருந்தார்கள். ஒருவர் முற்றத்தில் நின்று குழாயைத் திருப்ப, இன்னொருவர் உள்ளே ரீவிக்கு முன்னால் இருந்து "வந்திட்டுது, வந்திட்டுது, ஐயோ போயிட்டுது" என்று கத்த, கடல் கடந்து வந்த படம் புள்ளிகளுக்குள் அசையும். எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது. பாட்டு புரியவில்லை. பறவைகள் புரிந்தன. எலிகள் இன்னும் நன்றாகப் புரிந்தன.

அது ஏன் அவ்வளவு எளிதாகப் புரிந்தது என்று பிற்காலத்தில் தேடிப் பார்த்தபோதுதான், இந்தப் படத்தின் பயணத்தை 1974இல் தொடங்கி எழுதக் கூடாது என்று தெரிந்தது. அந்த வலை மிகப் பழையது.

பஞ்சதந்திரத்தின் இரண்டாம் பகுதி இந்தக் கதையோடுதான் தொடங்குகிறது. புறாக்களின் அரசன் சித்திரக்கிரீவன் தன் கூட்டத்தோடு வலையில் அகப்படுகிறான். வலையையும் தூக்கிக்கொண்டு பறந்து, இரணியகன் என்ற எலியிடம் போகிறான். சிநேகிதனை முதலில் விடுவிக்க எலி ஓடி வருகிறது. அரசன் தடுக்கிறான், முதலில் என் கூட்டத்தின் கட்டுகளை அறு, என்னுடையது கடைசியில் என்கிறான். சென்னைக் கல்விச் சங்கத்தில் இருந்த தாண்டவராய முதலியார் 1826இல் மராத்தியிலிருந்து பஞ்சதந்திரத்தைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் நம் பள்ளிப் புத்தகங்களிலும் பாட்டிமார் வாயிலும் சித்திரக்கிரீவன் புகுந்துகொண்டான். படம் வரும் முன்பே கதை எங்கள் வீட்டில் இருந்தது.

இன்னொரு கிளை மேற்கே போனது. ஆறாம் நூற்றாண்டில் பாரசீக மன்னன் குஸ்ரோ அனூஷிர்வானின் காலத்தில் புர்சோய் என்ற மருத்துவர் இந்தக் கதைகளைப் பஹ்லவி மொழிக்கு மாற்றினார். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் இப்னுல் முகஃப்பா அதை அரபியில் 'கலீலா வ திம்னா' ஆக்கினார். அரபு உரைநடையின் தொடக்கப் பெருநூல்களில் ஒன்று அது. அதில் 'கழுத்தில் வளையமிட்ட புறா' என்று ஓர் அத்தியாயம் உண்டு. நம்முடைய சித்திரக்கிரீவனும் எலியும்தான். பத்தாம் நூற்றாண்டு பஸ்ராவில் இயங்கிய 'இக்வானுஸ் ஸஃபா' என்ற அறிஞர் குழு தன் பெயரையே இந்த அத்தியாயத்திலிருந்து எடுத்துக்கொண்டதாக ஆய்வாளர்களிடையே ஒரு கருத்து உண்டு. எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறு. இந்த நூலில் விலங்குகளின் உருவங்களைப் பல வண்ணங்களில் காட்டுவது மனதை மகிழ்விக்கத்தான் என்று இப்னுல் முகஃப்பா முன்னுரையிலேயே எழுதிவைத்தார். பிறகு வந்த ஓவியர்கள் அந்தப் புறாக்களை வலையோடு வரைந்தார்கள். எழுதி மட்டும் வைத்தால் போதாது, வரைந்தும் காட்டவேண்டிய கதை இது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

மூன்றாவது கிளை பௌத்தர்களுடையது. பாலி ஜாதகத் தொகுப்பில் 33ஆவதான சம்மோதமான ஜாதகத்தில் புறாவுக்குப் பதில் காடை வருகிறது. ஒவ்வொரு காடையும் வலையின் ஒரு கண்ணுக்குள் தலையை விட்டு, எல்லாம் சேர்ந்து வலையைத் தூக்கி, ஒரு முட்புதர் மேல் போட்டுவிட்டு அடியால் நழுவிவிடுகின்றன. பதினான்காம் நூற்றாண்டளவில் ஜாதகங்கள் 'பன்சிய பனஸ் ஜாதக பொத்த' ஆகச் சிங்களத்துக்கு வந்தன. பன்சலையில் பிக்குவின் உபதேசம் கேட்கும் பிள்ளைக்கு இந்தக் காடைகள் புதியவை அல்ல. இந்த ஜாதகத்துக்கு இரண்டாம் பாதி ஒன்று இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்தச் சமூகமும் மக்கள்தொகையில் பாதியைத் தாண்டாத மாவட்டம் திருகோணமலை. திருமலை நகரில், மூதூரில், கிண்ணியாவில், கந்தளாயில், சேருவிலவில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்தும் பக்கத்துப் பக்கமாகவும் வாழ்கிறார்கள். இந்த மூவரின் நூல் மரபுகளிலும் ஒரே வலை விரிந்துகிடக்கிறது. எங்கள் ஊரில் வலை என்றால் சோறு. சல்லியிலும் நிலாவெளியிலும் கரைவலை இழுக்கிறவர்கள் அம்பாப் பாட்டோடு கயிற்றில் நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வலையைக் கண்டு உடனே பயப்படாது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுத்தால்தான் மடி கரைக்கு வரும் என்று அதற்குத் தெரியும். ரீவியில் பறவைகள் ஒரே நேரத்தில் சிறகடித்தபோது, அது எங்களுக்குத் தெரிந்த வேலையாக இருந்தது.

இனிப் படத்துக்கு வருவோம்.

பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குத் தொடக்கத்தில் பயிற்சி தந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி நிறுவனத்தில் 'பாம்பி' போன்ற படங்களில் வேலை செய்த அமெரிக்கர், இந்தியாவில் பிறந்தவர். 1957இல் அந்தப் பிரிவிலிருந்து வந்த முக்கியமான படம் 'தி பானியன் டீர்'. அதுவும் ஒரு ஜாதகக் கதைதான். வீக்ஸிடம் கற்றவர் ராம் மோகன். பின்னணி ஓவியராக அங்கே சேர்ந்த பீம்சேன், ராம் மோகனிடம் அசைவோவியம் பழகினார். முல்தானில் பிறந்து, பிரிவினையில் ஊரை விட்டு வந்த குடும்பத்துப் பிள்ளை அவர். நிலம் இரண்டாகப் பிளந்ததைச் சிறுவயதில் கண்டவர் கை, ஒற்றுமை பற்றிய படத்துக்குப் பறவைகளை வரைந்தது. அவர் வரைந்ததில் பகட்டே இல்லை. நேர்க்கோடு, வட்டம், தட்டையான நிறம். ஒரு குருவி பலவாவதைக் காட்ட அதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. டிஸ்னியின் மினுக்கத்தை எட்டிப்பிடிக்கப் போராடியிருந்தால் இந்தப் படம் ஐம்பது வருடம் தாங்கியிருக்காது என்றே நினைக்கிறேன்.

இயக்கியவர் விஜயா முளே. எல்லாரும் அவரை அக்கா என்றே கூப்பிட்டார்கள். பாட்னாவிலும் டில்லியிலும் திரைப்படச் சங்கங்களை வளர்த்தவர். 1959இல் சத்யஜித் ரேயைத் தலைவராகக் கொண்டு இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பு உருவானபோது முன்னால் நின்றவர்களில் ஒருவர். உலகத்தின் மிகச் சிறந்த படங்களைப் பார்த்துப் பழகிய கண், ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன தேவை என்பதையும் பார்த்தது. இசை வசந்த் தேசாய். அடுத்த ஆண்டே காலமானார். கடைசிப் பாட்டை எழுதியவர், டில்லியில் கந்தர்வ மகாவித்யாலயத்தை நிறுவிய பண்டிட் விநய் சந்திர மௌத்கல்யா. படத்தில் பாடிய குழந்தைக் குரல் தமிழருக்கு நன்றாகத் தெரிந்த குரல்தான்: சாதனா சர்கம். 'அலைபாயுதே'யில் நம் காதில் விழுந்தவர், 'அழகி' படத்தில் இளையராஜாவின் இசையில் பாடித் தேசிய விருது பெற்றவர். அவர் 1969இல் பிறந்தவர். எலிகள் வலையை அறுத்தபோது பாடிய சிறுமியின் குரல், நாங்கள் பெரியவர்களானபின் தமிழ்ப் பாட்டாக எங்கள் வானொலியில் ஒலித்தது. எத்தனையோ பேர் அது தெரியாமலே இரண்டையும் நேசித்தார்கள்.

படத்துக்குப் பின் முளே போன இடம் விண்வெளியோடு சம்பந்தப்பட்டது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 செய்மதியைக் கடன் வாங்கி, 1975 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து ஓராண்டு காலம், ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இந்தியா தொலைக்காட்சி காட்டியது. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. டில்லியில் கல்வித் தொழில்நுட்ப மையத்துக்குத் தலைமை வகித்து, பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளை உருவாக்கும் பொறுப்பை முளே ஏற்றார். மின்சாரமே சரியாக வராத கிராமங்களில் சுமார் மூன்று மீற்றர் அகலத்தில், கோழிக்கூட்டுக்கு அடிக்கும் கம்பி வலையால் செய்த அன்ரனாக்களை நிறுத்தினார்கள். தானியத்துக்கு விரித்த வலையில் பறவை விழுந்ததுபோல, அந்தக் கம்பி வலைகளில் வானத்துப் படங்கள் விழுந்தன.

அந்த ஒளிபரப்பு இலங்கைக்கும் வந்தது. ஒரேயொரு வீட்டுக்கு. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் வந்து ஒரு அன்ரனாவை நிறுவிக் கொடுத்தார்கள். பூமியோடு சேர்ந்து சுற்றும் செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் ஒளிபரப்பலாம் என்று 1945இல் எழுதியவருக்கு அது நன்றிக்கடன். அப்போது இலங்கையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. சுயாதீனத் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில்தான் தொடங்கியது. ஆக, இந்த நாட்டில் தொலைக்காட்சி நுழையும் முன்பே, இந்தியக் கிராமத்துப் பிள்ளைகளுக்கான பாடங்கள் கொழும்பின் ஒரு வரவேற்பறையில் ஓடிக்கொண்டிருந்தன.

கிளார்க்கை இந்தத் தீவுக்கு இழுத்தது வானம் என்று பலர் நினைக்கிறார்கள். இழுத்தது கடல். 1956இல் அவரும் அவர் தோழர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலைக்குக் கீழே சுழியோடினார்கள். போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்கிய தூண்களும் கற்களும் அங்கே பாசி பிடித்துக் கிடந்தன. வில்சன் கடலடியிலிருந்து ஒரு லிங்கத்தை மீட்டார். பிற்காலத்தில் அவர் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன்; எங்கள் கடலைத் தொட்டவர்கள் பலர் பழையபடி திரும்பிப் போனதில்லை. 1962இல் வில்சன் 'ரன்முத்து தூவ' என்ற படத்தை எடுத்தார். முதல் வண்ணச் சிங்களப் படம். திருகோணமலைக் கடலடிக் காட்சிகள் அதில் இருக்கின்றன. அதைத் தொகுத்தவர் டைட்டஸ் தொட்டவத்த.

இந்தப் பெயர் முக்கியம். 1982 பெப்ரவரி 15ஆம் திகதி ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியது. அங்கே வெளிநாட்டுக் கார்ட்டூன்களைச் சிங்களத்தில் பேச வைத்தவர் அதே தொட்டவத்ததான். பக்ஸ் பன்னி முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது, டொக்டர் டூலிட்டில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆனார். அவர் வேலை மொழிபெயர்ப்போடு நிற்கவில்லை. அந்த முயல் கொழும்புக் கடைத்தெருவில் பிறந்ததுபோலப் பேசியது. திருமலையில் எங்கள் தெருவில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சிங்களப் பிள்ளைகளும் ஒரே வீட்டு வாசலில் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கற்ற முதல் சிங்கள வார்த்தைகளில் சில அந்த முயலுடையவை. தமிழிலும் அப்படி ஒரு தொட்டவத்த கிடைத்திருக்க வேண்டும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு அரச தொலைக்காட்சி ஒதுக்கிய நேரம் சிறிது, அதற்குச் செலவழித்த மனமும் சிறிது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்படியாக எண்பதுகளில் எங்களுக்கு இரண்டு கார்ட்டூன் உலகங்கள் இருந்தன. தெற்கிலிருந்து சிங்களத்தில் பேசும் முயல். வடக்குக் கடலுக்கு அப்பாலிருந்து இந்தியில் பாடும் பறவைகள். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் ஒரே வாசலில் இருப்பது குறைந்தது, பிறகு நின்றுபோனது.

படத்தின் கடைசிப் பாட்டு ஹிந்த் தேசத்தில் வாழும் எல்லாரும் ஒருவரே என்பது. நிறமும் உடையும் மொழியும் பலவானாலும் மக்கள் ஒன்று என்று சொல்லும் பாட்டு. 1987இல் ஹிந்த் தேசத்தின் படையினர் எங்கள் துறைமுகத்துக்கே வந்தார்கள். பல மாநிலத்தவர், பல மொழி பேசுபவர்கள்; அந்தப் பாட்டைப் பள்ளியில் கேட்டு வளர்ந்த வயதுடையவர்களும் அவர்களுக்குள் இருந்திருப்பார்கள். அமைதிக்கென்று வந்த படை போரில் இறங்கியது. 1990 மார்ச் 24ஆம் திகதி அதன் கடைசித் தொகுதி திருகோணமலையில் கப்பலேறியது. ஜூனில் போர் மறுபடி மூண்டது. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. மாமா வீட்டு அன்ரனா வெறும் குழாயாகக் கூரைக்கு மேலே நின்றது.

இனி அந்த ஜாதகத்தின் இரண்டாம் பாதி.

வேடன் நாள்தோறும் வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். மனைவி கோபிக்கிறாள். அந்தக் காடைகள் ஒற்றுமையாக இருக்கும்வரை ஒன்றும் செய்ய முடியாது, அவை சண்டை போடும் நாள் வரும், அன்றைக்கு எல்லாவற்றையும் கொண்டுவருவேன் என்கிறான் அவன். சில நாளில் இரை மேயும் இடத்தில் ஒரு காடை தெரியாமல் இன்னொன்றின் தலையை மிதித்துவிடுகிறது. தெரியாமல் மிதித்தேன் என்று அது சொல்லியும் மற்றது அடங்கவில்லை. வார்த்தை முற்றுகிறது. நீ ஒருவன்தான் வலையைத் தூக்குகிறாய் என்ற நினைப்போ என்று ஒன்றையொன்று ஏசுகின்றன. தலைமைக் காடையாகப் பிறந்திருந்த போதிசத்துவர் ஆபத்தை உணர்ந்து, கேட்டவர்களை அழைத்துக்கொண்டு வேறு இடம் போகிறார். வேடன் வந்து வலையைப் போடுகிறான். நீ தூக்கு, நீ தூக்கு என்று அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் எல்லாவற்றையும் கூடைக்குள் அள்ளிப்போடுகிறான். கபிலவஸ்துவில் ஒரு சும்மாட்டுக்காக நடந்த சண்டையை முன்னிட்டுப் புத்தர் இந்தக் கதையைச் சொன்னதாக ஜாதகம் தொடங்குகிறது.

பஞ்சதந்திரத்தில் இந்தப் பாதி இல்லை. 1974 படத்திலும் இல்லை. ஏழு நிமிடத்தில் பிள்ளைகளைச் சந்தோஷமாக வீட்டுக்கு அனுப்ப வேண்டிய படத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. ஆனால் திருகோணமலைக்காரருக்கு அந்தப் பாதிதான் தெரிந்த பாதி. எங்கள் சண்டையின் காரணங்கள் சும்மாட்டைவிடப் பெரியவை: மொழி, நிலம், உரிமை, சிந்திய இரத்தம். அவற்றைத் தலையை மிதித்த கதையாகச் சுருக்கினால் செத்தவர்களுக்கு அநியாயம். ஆனாலும் 2006 ஜூலையில் மாவிலாற்றின் மதகுக் கதவு மூடப்பட்டதை நினைக்கிறேன். கீழேயிருந்த வயல்களுக்குத் தண்ணீர் போகவில்லை. அந்த ஒரு கதவிலிருந்து கடைசிக் கட்டப் போர் தொடங்கியது. சம்பூரிலிருந்து தமிழர் கூண்டோடு வெளியேறினார்கள். மூதூரிலிருந்து முஸ்லிம்கள் கந்தளாயை நோக்கி நடந்தார்கள். தண்ணீருக்குக் காத்திருந்த சிங்கள உழவனும் மற்றவர்களைப்போலவே வலைக்குள்தான் இருந்தான்.

எல்லாரும் ஒருவரே என்ற பாட்டை எங்கள் ஊரில் பாடிக் காட்டினால் யாருடைய ஒருமை என்று முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால்தான் அந்தப் படத்தில் பாட்டைவிட எலிகளை நான் நம்புகிறேன். எலி வலைக்குள் இல்லை. அதற்குச் சிறகு இல்லை, பறவைகளின் மொழி இல்லை. பறவையாக மாறச் சொல்லி யாரும் அதைக் கேட்கவும் இல்லை. தனக்கு இருக்கும் பல்லால் தன்னால் முடிந்ததைச் செய்தது. விளங்காத மொழியில், புள்ளி விழுந்த திரையில், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கள் மனம் எலிகளைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

பீம்சேன் 2018இல் காலமானார், விஜயா முளே 2019 மே மாதம் தன் 98ஆவது வயதில். படம் இப்போது எல்லார் கைபேசியிலும் கிடைக்கிறது. கனடாவிலும் லண்டனிலும் பிறந்த பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் வயதுக்காரர் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்தி தெரியாது. எங்களைப்போலவே எலி வந்ததும் சிரிக்கிறார்கள்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. அந்த இரண்டாம் பாதியையும் யாராவது வரைய வேண்டும், எங்கள் ஊரிலேயே. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. தொடர்பாடலும் மொழிகளும் படிக்க மூன்று சமூகத்துப் பிள்ளைகளும் அங்கே வருகிறார்கள். செக்கனுக்கு 12 ஓவியம் என்று வைத்தால் ஏழு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 ஓவியம். பீம்சேன் காலத்தில் ஒவ்வொன்றையும் கையால் வரைந்து நிறம் தீட்ட வேண்டும். இன்றைக்குக் கணினியில் அதில் பெரும்பகுதி சுமை குறைந்துவிட்டது. காடைகள் தமிழிலும் சிங்களத்திலும் ஏசிக்கொள்ளட்டும். சித்திரக்கிரீவன் சொன்னதைத் தலைமைக் காடை சொல்லட்டும்: என் கட்டைக் கடைசியில் அறு. ஜாதகத்தில் இல்லாத எலியையும் கொண்டுவரட்டும், எங்கே வருவது என்பதை அந்தப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். முதல் காட்சிக்கு என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது: வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த வேடன், அடுப்படியில் நிற்கும் மனைவியிடம், பொறு, அவை சண்டை பிடிக்கும் என்று சொல்கிற இடம்.